அடியில் ஒரு கீறல்

காலையில் ஜன்னல் கண்ணாடி மாற்ற ஆள் வந்திருந்தான். கண்ணாடியைப் பொருத்திவிட்டு ஓரமெல்லாம் சிலிக்கான் பசையைப் பிதுக்கித் தடவினான். வீடு முழுக்க வினிகர் நாற்றம். "நாளைக்குள் போய்விடும் தீதி" என்று, அக்கா முறை வைத்து, வங்காளத்தில் சமாதானம் சொன்னான். எனக்குப் போகாது. அந்த நாற்றம் அடித்தாலே நீ நினைவுக்கு வந்துவிடுகிறாய். செத்துப்போன மற்றவர்களுக்கெல்லாம் சந்தனம், மல்லிகை என்று கௌரவமாக ஏதாவது ஒரு வாசனை அமைகிறது. உனக்கு அமைந்தது குளியலறைப் பசை.

உனக்கு மடல் எழுதுவது வெட்டி வேலை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்ததையே நீ என்ன செய்தாய்? ஆன்டெனா கேபிளின் இணைப்பை மழையிலிருந்து காப்பது எப்படி என்று ஒரு முழுத்தாளில் படம் போட்டு, எண் போட்டு எழுதித் தந்தேன். அடுத்த வாரம் காளிகாட்டில் உங்கள் மளிகைக் கடைக்கு வந்தால், அதே தாளில் யாரோ ஒரு பெண்மணிக்குப் பெருங்காயம் மடித்துக்கொண்டிருந்தாய். நான் முறைத்ததைப் பார்த்து, "நல்ல கனமான பேப்பருட்டி, வீணாப் போவக் கூடாதுல்லா" என்றாய். அந்தப் பெண்மணி வீட்டில் எப்படிப்பட்ட சாம்பார் வைத்தாளோ, என் படத்தோடு.

அமெச்சூர் ரேடியோ பரீட்சையை நாம் ஒன்றாகத்தான் எழுதினோம். அந்த அறையில் சேலை கட்டி வந்தவர்கள் நாம் இருவர்தான், அதிலும் இருவருக்கும் தமிழ். அதனால் ஒட்டிக்கொண்டோம். குணம் பார்த்துப் பழகியிருந்தால் உன் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன். எனக்குக் கிடர்பூரில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் உத்தியோகம். ஒரு எழுத்துப் பிசகினால் ஒரு கண்டெய்னர் வாரக்கணக்கில் துறைமுகத்தில் கிடக்கும். நீயோ மிளகைக் கையால் அள்ளியே "நூறு கிராம் இருக்கும்" என்று சொல்கிற ஆள். தராசில் வைத்தால் சரியாக நூறு இருக்கும் என்பது வேறு விஷயம், அதைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வரும்.

உன் முதல் இணைப்பு நினைவிருக்கிறதா? மொட்டைமாடியில் ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளும் அறைக்குள் இறங்கும் கேபிளும் சேர்கிற இடம் விரல் நீளம்தான். அதற்குள் தண்ணீர் புகுந்தால் அலை பாதி வழியிலேயே செத்துவிடும். நீ அதற்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய சிலிக்கான் பசையால் அபிஷேகம் செய்திருந்தாய். அந்தப் பசை காயும்போது விடுகிற புளிப்பு ஆவி செம்பை அரிக்கும் என்று தாளில் எழுதியிருந்தேன், மூன்றாவது எண்ணில். அந்தத் தாள்தான் பெருங்காயத்தோடு போய்விட்டதே. ரேடியோ சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு அந்த இணைப்பை வெட்டி எடுத்து வரச் சொன்னேன். எல்லோர் எதிரிலும் பிளேடால் பிளந்து காட்டினேன். உள்ளே பாசி பிடித்த மாதிரி பச்சை. "இதுதான் மளிகைக்கடை இன்ஜினியரிங்" என்றேன். சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய், எல்லோரையும்விடச் சத்தமாக. இவளுக்கு ரோஷம் என்பதே கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே உன் மாடிக்கு வந்து புது இணைப்பைக் கட்டித் தந்தேன். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டி ஒரே கட்டியாகிவிடும் ரப்பர் டேப். அதைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி, கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி சுற்றினேன். அதன் மேல் கறுப்பு டேப் இரண்டு அடுக்கு. நீ எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தாய். கையில் ஒட்டிய பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "வெளிய இருந்து வார தண்ணிக்கு இது சரி. எப்படியாவது உள்ள வந்துட்டுன்னா அது எங்கட்டி போவும்? அடியில ஒரு கீறு போட்டு விடேன்."

"உங்க கடையில ஓட்டைக் குடையும் விக்கறியா?" என்று கேட்டேன். அதோடு நீ காராச்சேவுக்குத் திரும்பிவிட்டாய்.

இனி அந்தப் புயல். போன் அறுந்து போனால் மணிக்கு மணி ரேடியோவில் கூப்பிட்டுக்கொள்வது என்று நமக்குள் பேச்சு. நான் லேக் கார்டன்ஸில் தனியாக இருப்பவள் என்பதால் நீதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாய். புயல் கரை கடந்த மறுநாள் காலை மின்சாரம் இல்லை, போன் இல்லை, தெருவில் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஏழு மணிக்கு பேட்டரியில் செட்டைப் போட்டேன். வெறும் இரைச்சல். எட்டு மணிக்கும் இரைச்சல். ஒன்பது மணிக்கு, எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. காபியை உறிஞ்சிக்கொண்டு நோட்டில் எழுதினேன்: "காளிகாட் பதில் இல்லை. இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கும்." நான் கட்டித் தந்ததை மறுபடி பிரித்துப் பசையைத் தடவியிருப்பாய், பட்டும் திருந்தாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கதவை இடித்தாய். இடுப்பு வரை சேறு. காலில் ஒற்றைச் செருப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து அழுதாய்.

"ஏட்டி, உயிரோடதான் இருக்கியா? ஆறு மணிலருந்து கூப்பிடுதேன். ஊரே பேசுது, நீ மட்டும் இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்ட கட்டிப் போச்சு. மரம் கிரம் விழுந்து அமுங்கிட்டியோன்னு..."

காளிகாட்டிலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறாய். யார் கேட்டார்கள்? இப்படி அசட்டுத்தனமாக ஒரு காரியம் செய்ய உன்னால்தான் முடியும். மின்கம்பி அறுந்து கிடந்த தெருக்கள் அவை. "ஒன் செட்டுக்கு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை.

"பேட்டரி போயிடுச்சு" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் மேஜையில் செட் எரிந்துகொண்டிருந்தது. பச்சை எண்கள், பளிச்சென்று. நீ அதைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "ஆமா, பேட்டரியாத்தான் இருக்கும்" என்றாய். காபி குடித்தாய். என் செருப்பைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாய்.

நீ போனபின் மாடி ஏறினேன். இணைப்புக்கு மேலே கேபிளின் உறையில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு. விஸ்வகர்மா பூஜைக்கு விடுகிற பட்டத்தின் மாஞ்சா நூல், கண்ணாடித்தூள் பூசியது, அறுத்தது. அதற்குப் பிறகு பெரிய மழை இல்லாததால் தெரியவில்லை. புயல் மழை அந்த வெட்டு வழியாக உள்ளே இறங்கி, கேபிளுக்குள்ளேயே வழிந்து, நேராக என் இணைப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. டேப்பை அறுத்ததும் தண்ணீர் கையில் கொட்டியது. வெளியே இருந்து ஒரு சொட்டும் உள்ளே விடாத என் வேலை, உள்ளே வந்ததையும் ஒரு சொட்டு வெளியே விடவில்லை. ஒரு மணி நேரத்தில் சரி செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. புது பேட்டரி போட்டேன் என்றுதான் சொன்னேன். "நல்ல பேட்டரியாப் பாத்து வாங்குனியா?" என்று விசாரித்தாய், சிரிக்காமல்.

போன மார்கழியில் நீ போனாய். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் உன்னைப் "பெரும் தொழில்நுட்ப மேதை" என்று ஆங்கிலத்தில் எழுதி வந்து வாசித்தார். அன்று பச்சை பிடித்த செம்பைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவர்தான். எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. பிறகு உன் வீட்டுக்காரர், கடை அண்ணாச்சி, ஆன்டெனாவை இறக்கித் தரமுடியுமா என்று கேட்டார். உன் மாடிக்கு வந்தேன். கம்பியெல்லாம் அறுந்த பட்ட நூல்கள் தொங்கின. கேபிள் உறையில் இரண்டு இடத்தில் மாஞ்சா வெட்டு இருந்தது, என்னுடையதைவிட ஆழமாக. இதற்குள் பச்சைக் குளமே இருக்கும் என்று பிளேடோடு உட்கார்ந்தேன்.

நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. அடியில் மட்டும் நக நீளத்துக்கு ஒரு கீறல், நேராக, சுத்தமாக. அதன் ஓரங்களில் பல வருஷத்துத் தூசி. உள்ளே செம்பு புதுக்காசு போல இருந்தது.

அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்க கட்டிட்டுக் கீழ எறங்குனியள்ளா, அப்பவே பிளேட எடுத்துட்டு மேல போயிட்டா. எதுக்குட்டின்னேன். அவகிட்ட சொல்லிராதீய, மனசு சங்கடப்படுவான்னா" என்றார்.

சபையில் வைத்து உன்னைப் பிளந்து காட்டியவள் நான். என் மனசு சங்கடப்படும் என்று நீ ஒரு கீறலை ஒளித்து வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மாடியிலும் ஒரு கீறல் இருந்திருக்கும். அறுந்த கம்பிகளுக்கு நடுவே இடுப்புத் தண்ணீரில் நீ நடந்திருக்க வேண்டாம். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் நல்ல மனசை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. யாரை மன்னிக்க முடியவில்லை என்று மட்டும் கேட்காதே.

இப்போது நான் கட்டுகிற ஒவ்வொரு இணைப்பிலும் கடைசியாக பிளேடை எடுத்து அடியில் கீறி விடுகிறேன். ஒவ்வொரு முறையும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் கீறுகிறேன்.

அது பேட்டரி இல்லை. உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. கண்ணாடிக்காரன் போனபிறகு அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பது மணி வரியில் "காளிகாட்" என்று இருந்ததை அடித்துவிட்டு "லேக் கார்டன்ஸ்" என்று எழுதியிருக்கிறேன்.