தோற்ற வழக்குக்கு எந்தக் கணக்கில்?

8 செப்., திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீஸ் ஏர்கோன் மறுபடியும் பழுது. எங்கள் நிதிப் பிரிவில் அடுத்த வருட மாநில பட்ஜெட் வேலை ஆரம்பம். அரசு வழக்கில் தோற்றால் கட்டவேண்டிய பணத்துக்கென்று ஒரு செலவுத் தலைப்பு சேர்த்தேன். சட்டப் பிரிவு பிரான்சிஸ் பார்த்த கையோடு அதை அடித்துவிட்டான்.

"முன்கூட்டியே காசு ஒதுக்குனா, தோக்கத்தான் போறோம்னு நாமளே சொல்ற மாதிரிலா அக்கா."

போன வருடமும் இதே பேச்சு. வருடா வருடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாங்கவேண்டியது: கருவேப்பிலை, இருமல் மருந்து.

9 செப்., செவ்.
சேகர் அண்ணன் ஆபீஸ் கவுண்டருக்கு வந்தார். சுங்கை சிப்புட் ஊர்க்காரர். பழைய ரப்பர் தோட்டத்து ஓரம் போகும் மாநிலச் சாலையில், மூடியில்லாத கால்வாயில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து வலது கால் போனவர். அரசு நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வட்டி வேறு ஏறுகிறது.

"மோட்டார் தவணை ரெண்டு மாசம் கட்டலன்னா பேங்குக்காரன் வண்டிய இழுத்துட்டுப் போறான். நான் இந்த நாற்காலிய இழுத்துட்டுப் போகக்கூடாதா தங்கச்சி?"

கூடாது. அரசாங்கச் சொத்தை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை எனக்கு. சே.

12 செப்., வெள்ளி
சேகர் அண்ணன் பணத்தை எந்தக் கணக்கில் கட்டுவது என்று பாஸுக்கும் பிரான்சிஸுக்கும் சண்டை. சட்டப் பிரிவு செலவு என்கிறார் இவர். சாலைப் பிரிவு செலவு என்கிறான் அவன். சாலைப் பிரிவுக்குப் போன் போட்டால், அந்த அதிகாரி பத்து காஜா ஊர் ஆபீசுக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். தலைவலி. பாதி நாசி லெமாக் சோற்றோடு மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

18 செப்., வியா.
செலவாகாமல் கிடக்கும் பணம் எங்காவது இருக்கிறதா தேடு என்றார் பாஸ். தேடினேன். ஒரே இடத்தில்தான் போதுமான அளவு இருந்தது. சேகர் அண்ணன் விழுந்த அதே கால்வாய்க்கு மூடி போட ஒதுக்கிய பணம். வழக்கு முடியும்வரை யாரும் அதில் கை வைக்கவில்லையாம், முடிந்த பிறகும் அப்படியே கிடக்கிறது.

"கேஸ் நடக்கறப்ப மூடி போட்டிருந்தா, நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்லா." பிரான்சிஸ்தான். வேறு யார்?

வேறு இடத்தில் எடுக்கலாமே என்று இரண்டு தரம் சொன்னேன். பாஸ் அதையே எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணனுக்குப் பணம் கிடைக்கும், அந்த மட்டில் சந்தோஷம்.

3 அக்., வெள்ளி
காலையில் சேகர் அண்ணன் போன். பணம் பேங்கில் ஏறிவிட்டது. நன்றி சொன்னார். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"அந்த லோங்காங் கால்வாய்க்கு எப்ப மூடி போடுவாங்க தங்கச்சி? என் மவ தெனம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போவுது."

மழுப்பப் பார்த்தேன். வாய் வரவில்லை. மூடிக்கு வைத்திருந்த பணம்தான் உங்களுக்கு வந்தது, அடுத்த வருட பட்ஜெட்டிலும் மூடிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இந்தக் காச நான் திருப்பிக் கட்டிட்டா, மூடி போட்டுருவாங்களா?"