ஒன்பது பேரும் அருவியில்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கான்ட்ராக்டர் தேவராஜ் வந்தான். சிரித்துக்கொண்டே. அதுவே சரியில்லை. வெள்ளிக்கிழமை சுற்றுலாவாம். தடா பக்கம் ஆற்றோரப் பூங்கா, காட்டுக்குள் நடைபாதை, இரண்டு அருவி. வேன், பிரியாணி அவன் பொறுப்பு. அன்றைய கூலியும் உண்டு.

ஆறு வருடமாக இந்தக் குடோனில் மூட்டை தைக்கிறேன். பொங்கலுக்கு ஒரு பன் வாங்கித் தராத ஆள்.

எல்லாரும் இல்லை. ஒன்பது பேர்தான். பெயரை எல்லாம் சீட்டில் எழுதி வந்திருந்தான்.

நவ. 12, புதன்

மழை இல்லை. எண்ணூர்ப் பக்கத்துக் காற்று, சாம்பல் நாற்றம்.

அந்த ஒன்பது பெயரை மறுபடி எழுதிப் பார்த்தேன். போன மாதம் குடோனில் அமில டிரம் கசிந்து என் பக்கத்தில் தைக்கிற சுமதி மயங்கி விழுந்தாள். வலது கண்ணில் இன்னும் நீர் வடிகிறது. தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு மனு போட்டோம். எழுதியது நான். கையெழுத்து ஒன்பது. அதே ஒன்பது.

நானே தபாலில் போட்டேன். தேவராஜுக்கு எப்படித் தெரிந்தது?

இன்று கவனித்தவை:
- குடோன் சுவருக்கு வெள்ளை.
- தரையில் மஞ்சள் கோடு.
- புது முகமூடி ஒரு பெட்டி. பிரிக்கக் கூடாதாம்.

சுமதியிடம் சொன்னேன். "உனுக்கு எதப் பாத்தாலும் டவுட்டு, ரெஜி" என்றாள். புள்ளைங்களை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு நாள் நிம்மதியாகக் குளிக்கப் போகிறாளாம். என் வீட்டுக்காரர் அந்தோணியும் அதே பாட்டு. சும்மா கிடைத்தால் போய்ட்டு வா என்கிறார்.

வராதவங்க பேர் ஞாபகம் இருக்கும் என்றும் தேவராஜ் சொல்லியிருக்கிறான். நான் போகாவிட்டால் மற்ற எட்டுப் பேரும் அவன் கையில். போகத்தான் வேண்டும்.

நவ. 13, வியாழன்

சோப்பு, துண்டு, பழைய நைட்டி. தலைவலி மாத்திரை.

கேட் செக்யூரிட்டி பாஷா பாயிடம் போன் நம்பர் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

நவ. 14, வெள்ளி

விடிவதற்குள் வேன். திருவொற்றியூரில் ஏறி, எட்டரைக்குப் பூங்கா.

நுழைவாசலில் தேவராஜ் ஒரு பையை நீட்டினான். போனெல்லாம் தண்ணீரில் விழுந்துவிடும், இதில் போடுங்கள் என்றான். எல்லாரும் போட்டார்கள். என்னுடையது வீட்டில் இருக்கிறது என்றேன். இடுப்பில் இருந்தது.

பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி. அதைப் பார்த்து நடந்தோம். முக்கால் மணி நேரத்தில் முதல் அருவி. அடி தெரிகிற ஆற்றை இன்றுதான் பார்க்கிறேன். குட்டி மீன்கள் காலைக் கடித்தன. சுமதி அருவிக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றாள். ஒரு மாதமாகச் சிரிக்காதவள் சிரித்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. எல்லாம் என் கற்பனையோ என்று நினைத்தேன்.

பாறை மறைவில் துணி மாற்றப் போனபோது தேவராஜ் குரல். டிரைவரிடம்: "நாலு மணி வரிக்கும் யாரையும் கீழ எறக்காத. அதுக்குள்ள அங்க முடிஞ்சிரும்."

முடியுமா? என்ன முடியும்?

இரண்டாவது அருவி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். நடுவில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே சிக்னல் ஒரு கோடு. பாஷா பாயை அழைத்தேன்.

"ஆபீசருங்க வந்துகீறாங்கமா. மனு போட்டவங்க எங்கன்னு கேட்டாங்க. வேலைய வுட்டு நின்னுட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

போனை அந்த ஆபீசரிடம் கொடுங்கள் என்றேன். பாய் சொன்னார்: "பொண்ணுக்கு நிக்கா வச்சிகீது, ரெஜினா." அவ்வளவுதான். எனக்கும் மேலே கேட்க வாய் வரவில்லை. போனில் செருப்புச் சத்தம். நடக்கிறார். கதவு. ஒரு பெண் குரல், நான் வேலையை விட்டு நின்றுவிட்டேனா என்று கேட்டது.

"வேலைய வுடல மேடம். அருவிக்கு அனுப்பி வச்சிகீறாங்க."

மற்றவர்களும் பேசுவார்களா என்றார் ஆபீசர். இருபது நிமிடம் பொறுங்கள், கூட்டி வருகிறேன் என்றேன்.

இறங்கி ஓடினேன். குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். ஈரத் துணியோடு எட்டுப் பேரும் ஏறினார்கள். பாறையில் ஒவ்வொருவராகப் போனை வாங்கிப் பெயர் சொன்னார்கள். என்ன வேலை, எத்தனை வருடம். சுமதி கடைசி. கண்ணைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார் ஆபீசர்.

அப்போதுதான் தேவராஜ் மூச்சு வாங்க மேலே வந்தான். "போட்டோ புடிக்கிறீங்களா?" நாங்கள் வரிசையாக இறங்கினோம்.

பிரியாணியை யாரும் மிச்சம் வைக்கவில்லை. பசி.

நவ. 15, சனி

கேட்டில் புது ஆள். பாஷா பாய் லீவு என்றான். போன் செய்தேன். லீவு இல்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் சுமதி வீட்டு வாசலில் தேவராஜின் பைக். அரை மணி நேரம். பிறகு நான் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை.

நவ. 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராகச் சுமதி வீடு. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "கையெழுத்து போட்டுட்டேன், ரெஜி." வீட்டில் எண்ணெய் தெறித்துத்தான் கண் கெட்டது என்று டைப் அடித்த தாள். வேலை போகாது என்று சொன்னானாம்.

நான் சந்தேகப்பட்டது சரிதான். சந்தோஷம் இல்லை. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

நவ. 17, திங்கள்

பஸ் ஸ்டாப்பில் எட்டுப் பேர். எட்டுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனோம்.

ஆய்வு அலுவலக வராந்தாவில் எங்களுக்கு முன்னாலேயே சுமதி. பக்கத்தில் பாஷா பாய், யூனிஃபார்ம் இல்லாமல். அவர்தான் காலையில் போய் அழைத்து வந்திருக்கிறார்.

யார் முதலில் என்று ஆபீசர் கேட்டார். சுமதி எழுந்தாள். "சனிக்கெழம ஒரு தாள்ல கையெழுத்து போட்டேன் மேடம். அது பொய்."

மதியத்துக்குள் டிரம் அறையைப் பூட்டி சீல் வைக்க உத்தரவு. சுமதியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு கடிதம். பாயின் வேலை விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாதாம். பாய் தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் மனு மேஜைமேல் இருந்தது, என் கையெழுத்தில். தேவராஜிடம் சொன்னது யார் என்று இன்னும் தெரியாது. டீ கொண்டு வந்தவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவராக இருக்குமோ? நான் குடிக்கவில்லை. சுமதி என்னுடையதையும் எடுத்துக் குடித்தாள்.