ஏணியில் நீண்ட கை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் கையை முத்தமிட்டு செர்ஹாத் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், வெயிலில் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெருநாளன்று எங்கள் சுற்றுலாப் படகில் நல்ல கூட்டம். காஷ் ஊர்ப் பக்கம் ஒரு குடாவில் நங்கூரம் போட்டு எல்லோரையும் நீந்த இறக்கினோம். அங்காராவிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் நீந்தி முடித்து, தூக்கிவிடச் சொல்லி ஏணியிலிருந்து கை நீட்டினார். பெருநாளில் பெரியவர்கள் கை நீட்டினால் செய்வதையே செய்தேன். முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்!

"கைமுத்தத்துக்குத் தர்ற மிட்டாய் பையில இருக்குடா மகனே, முதல்ல என்னைத் தூக்கு!" என்றார் அவர்.

"டேய், அந்தம்மாவ ஏத்துடா, ஆசி அப்புறம் வாங்கலாம்!" என்று கேப்டன் நூரி கத்தினார். படகே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போவதாகச் சொல்லி அடுப்படிக்குள் நுழைந்துகொண்டேன்.

கொஞ்சம் ஆப்ரிகாட் வற்றல் அனுப்புங்கள். அப்பாவின் பழுப்புக் கோட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மா, பெருநாளுக்கு ஊர் வர லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய். கேப்டன் கொடுத்தார், நான்தான் வேண்டாமென்றேன். அப்பா போனபின் முதல் பெருநாள். அப்பாவின் கை இல்லாமல், உங்கள் கையை மட்டும் முத்தமிடப் பயந்துவிட்டேன். அந்தக் கையை நீங்கள் அன்று யாரிடம் நீட்டினீர்களோ?

படகு கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் செர்ஹாத்