அலமாரிக் கதவைச் சாத்தாதீர்கள்

என்னங்க,

கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நேற்றுப் பிள்ளைக்காகப் பரிந்து பேசியதிலிருந்து என்னோடு பேசுவதில்லையே, அதனால்தான் இந்தச் சீட்டு.

விளையாடும்போது மட்டும் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். பிள்ளை அனுப்பிய கேமை இனித் திட்டாதீர்கள். ஃபேன் சத்தம் பொறுக்காமல் நான்தான் சிபியூவை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன். காலையில் நானே விளையாடிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் அணைந்தது. தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதிக்கிறது! வெளியே எடுத்து, தூசி தட்டி, அதே கேமில் ஒரு மணி நேரம் கார் ஓட்டினேன். அணையவில்லை. (ஓட்டியதில் பாதி, சுவரில் மோதியதுதான்.)

தப்பு என்னுடையது. ஆனால் போன வாரம் அது அணைந்த நேரம்தான் மனசைக் குடைகிறது. உங்களோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன பிள்ளை, நாலு மாதத்தில் முதல்முறையாக, வாராவாரம் நெட்டில் உங்களோடு ஆடும் ஆட்டத்துக்கு நடுவே ஸ்பீக்கரில், "அப்பா, அன்னைக்கு நான் பேசினது தப்புதான்..." என்றான். அத்தோடு அணைந்தது.

நேற்று போனில் சொல்கிறான்: "மன்னிப்புக் கேட்டேம்மா. மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்ணிட்டாரு." தானாக அணைந்தது என்றால் நம்பவில்லை. "நீ அவருக்குப் பரிஞ்சுதானே பேசுவ" என்கிறான்.

வழக்கம்போல இன்று ஆறு மணிக்கு அவன் ஆட வரமாட்டான். நீங்களே போனில் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னால் போதும்.

பி.கு.: போதாது. அது அணைந்த பிறகும் போன் உங்கள் சட்டைப் பையில்தானே இருந்தது? அதற்கும் ஒரு பதிலை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.