பேத்தியின் தொட்டிலுக்கு ஒரு பழஞ்சீலை

ஏனுங்க,

எனக்கு முன்னால் போய்விட்ட என் வீட்டுக்காரருக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏனுங்க’ என்றால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அதே கூப்பாடுதான். திரும்பிப் பார்க்கிறீர்களா என்பதுதான் இங்கிருந்து தெரியவில்லை.

எனக்கு உடம்பு ஓய்ந்துபோய்விட்டது. விடிந்து எழும்போதே நாளெல்லாம் களை வெட்டிவிட்டு வந்த அசதி. சோறு வடிக்கிறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன், வாசல் கூட்டுகிறேன். எல்லாம் நடக்கிறது. யார் செய்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை. காட்டை உங்கள் தம்பி ஓட்டுகிறார். இந்த வருசம் மழை பரவாயில்லை, கடலைக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதனால் முதல் கடிதம் உங்களுக்குத்தான் வர வேண்டும். வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் படிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. நம் சம்பந்தியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இனி எழுதப் போகிற சங்கதியில் அது ஒன்றுதான் எனக்குச் சவுகரியம்.

அட்டாலிப் பரணில் உங்கள் சாமான்கள் அப்படியே கிடக்கின்றன. சந்தைக்கு மாடு பார்க்கப் போய்விட்டு ஒரு கூடை ஓட்டை உடைசலோடு வந்து நிற்பீர்களே, அவைதான். அறுந்த சலங்கை, வண்டிச்சட்டத்துப் பித்தளைப் பூண், யாரோ கழித்த கம்பளி, பாத்திரக்கார ராவுத்தர் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு வரும் பட்டுக்கரைகள். “அடுத்தவங்க கழிச்சதெல்லாம் நம்மூட்டுக்கு வந்துருது” என்று நான் முணுமுணுப்பேன். “கழிச்சவனுக்குத்தான் அது பழசு, நமக்கு இன்னைக்குத்தான வந்துது” என்பீர்கள். அப்புறம் அதையெல்லாம் யார் தைப்பது? நான்தான். காளைகளின் முதுகுத்துணி, வண்டி மெத்தை, விதைப்பை, ஊர்ப் பிள்ளைகளுக்குத் துணிப்பொம்மை என்று என் ஊசி ஓய்ந்ததே இல்லை. நம் காளைகள் சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டுத்துணி போர்த்திக்கொண்டு போனால் கோபாலபுரம் வரைக்கும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்த நடையில் பாதி கர்வம் காளைக்கு, மீதி உங்களுக்கு.

நீங்கள் போன பிறகு என் சாயச்சீலைகளை எல்லாம் முறைப்படி எடுத்துக் கொடுத்தார்கள். துணி வெளுக்கும் ரங்கம்மா வாசலில் மடி ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதில் அந்தக் கத்தரிப்பூ நிறக் கண்டாங்கியும் போயிற்று. நான் காய்ச்சலில் கிடந்தபோது முள்வேலியில் கிழிந்ததென்று நீங்களே கோணி ஊசியால் தைத்து வைத்தீர்களே, அது. சீலைக்குச் சாக்குத் தையல் போட்ட ஆம்பளை இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான். அதுவும் போன அன்றைக்கே வெள்ளையைக் கொடுத்தார்கள், கட்டிக்கொண்டேன். எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

போன மாசம் பழனாத்தா தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள். உங்கள் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்து ஆசாரத்தில் நடப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், நடை அப்படியே உங்களுடையது. வந்த அன்றே கேட்டாள், “அம்மா, தொட்டிலுக்கு உங்க சீலை ஒண்ணு வேணுமுங்க. நானு கெடந்த மாதிரியே அதுவும் கெடக்கட்டும்.” பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடுவதில்லை. நைந்து மெதுவான பழஞ்சீலையில், அதுவும் தாய்வீட்டுப் பக்கத்துச் சீலையில்தான் போட வேண்டும். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எனக்கு இருந்த ஒரே ஆசையும் அதுதான். சீரும் சிறப்பும் செய்ய இனி என்னால் ஆகாது. நம் பேத்தியோ பேரனோ என் துணியில் கிடந்து தூங்கினால் போதும் என்று இருந்தேன்.

அதற்குள் சம்பந்தியம்மா வந்தார். நல்ல மனுசிதான், மருமகளைத் தாங்குகிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏனுங் சம்மந்தி, தைக்கறதெல்லாம் நீங்களே தைங்க. உங்க கைக்கு ஈடு இந்தப் பக்கத்துல ஆருமில்லீங்க. சீலை மட்டும் உங்குளுது வேண்டாமுங்க. மொதக் கொழந்தை பாருங்க. வெள்ளை கட்டுனவங்க துணின்னு நாலு பேரு நாலு சொல்லுச் சொல்லுவாங்க. ராவுத்தரு மூட்டையில நல்ல சீலையாப் பாத்து எடுத்துக்கலாமுங்க.”

“சரிங்க” என்றேன். வேறென்ன சொல்வது? சண்டை போடவும் தெம்பு வேண்டும் அல்லவா? என் கை ஆகுமாம், என் துணி ஆகாதாம். நூல் கோக்கும் விரலும் சீலை கட்டிய இடுப்பும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன?

இன்னொன்றும் நினைத்தேன். கிழியாத, நல்ல நிறத்துச் சீலை ஒன்று எந்த வீட்டிலிருந்து மூட்டைக்கு வருகிறது? புருசனோடு வாழ்கிறவள் கிழியக் கிழியக் கட்டிவிட்டு அடுப்படிக்குக் கரித்துணி ஆக்குவாள். நல்ல சீலையாகவே வெளியே போவது என்னைப் போல ஒருத்தி கட்ட முடியாமல் போன வீட்டிலிருந்துதான். ராவுத்தர் மூட்டையில் பாதி அப்படித்தான் இருக்கும். பேர் தெரியாத வெள்ளைச்சீலைக்காரி என்றால் தோஷமில்லை, பெற்ற தாய் என்றால் தோஷம். எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த கோபம், அதைத் தூக்கி நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை.

மறுநாள் வெளுத்த துணி கொண்டுவந்த ரங்கம்மா இதைக் கேள்விப்பட்டிருந்தாள். துணியை இறக்கி வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

“அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கத்தரிப்பூச் சீலையக் கட்டறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க. ராவுத்தருகிட்டப் போட்டுட்டு ஒரு குண்டா வாங்கிட்டனுங்க. சீலை இன்னும் மூட்டையிலதான் கெடக்குது, போன வாரங்கூடப் பாத்தனுங்க. ஓரத்துல சாக்குத் தையல் இருக்குதுன்னு ஒருத்தரும் எடுக்கறதில்லீங்க.”

உங்கள் தையலின் லட்சணம் பாருங்கள். யாருக்கும் விலை போகாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவளுக்குக் காய்ந்த கடலைக்காய் ஒரு முறம் கொடுத்தேன். மடி ஏந்தி வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ராவுத்தர் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் எந்த ஊரிலாவது யாராவது எடுத்துவிட்டால்? ஆளை அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம் என்றால், நானாகக் கொடுக்கும் சீலையைச் சம்பந்தியம்மா எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் கையால் எடுத்தால்தான் உண்டு. ராவுத்தர் வரும் நாளுக்கென்று அவரும் வந்து சேர்ந்தார்.

ராவுத்தர் வாசலில் மூட்டையை இறக்கினார். சம்பந்தியம்மாவும் பழனாத்தாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் மாடு கட்டியிருந்த கட்டுத்தரைப் பக்கமாகத் தள்ளி நின்றேன். நல்ல காரியத்துக்கு எடுக்கும் துணியை நான் தொட்டுப் பார்க்கக் கூடாது அல்லவா, தைக்கும்போது தொட்டால் போதும்.

“எந்த ஊட்டுச் சீலைன்னு மட்டும் கேக்காதீங்க ஆத்தா” என்றார் ராவுத்தர். “எல்லாம் சுத்தமா வெளுத்து வந்ததுங்க.”

முதலில் ஒரு மஞ்சள் சீலையைச் சம்பந்தியம்மா எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடியிலிருந்து கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. இழுத்து விரித்தார். பிரித்த மாத்திரத்தில் ஓரத்துத் தையல் கண்ணில் பட்டுவிட்டது.

“இதென்னங்க, மூட்டை தைச்ச மாதிரி தைச்சு வெச்சுருக்குது. எந்தக் கிறுக்கு தைச்சுதோ” என்று சிரித்து, அக்கட்டால் தள்ளிப் போட்டார்.

வாய் திறந்தால் சீலை என்னுடையதென்று தெரிந்துபோகும். திறக்காவிட்டால் அது மூட்டைக்குள் போய்விடும். காளையின் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராவுத்தர் மடிக்கத் தொடங்கினார்.

பழனாத்தா கையை நீட்டி அதை வாங்கினாள். தையலை விரலால் ஒருதரம் தடவினாள். பிறகு சீலையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்கத்தை, இதுதானுங்க மெதுவா இருக்குது. எனக்கு இது வேணுமுங்க. அந்தத் தையலு தெரியாத மாதிரி அம்மா ஒட்டுப்போட்டுருவாங்க.”

சம்பந்தியம்மா மருமகளின் முகத்தைப் பார்த்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டதை இல்லை என்று சொல்ல நம் பக்கத்தில் எந்த மாமியாருக்கும் துணிச்சல் கிடையாது.

“புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுட்டா அப்பறம் என்னங்க. அதையும் சேத்துப் போடுங்க ராவுத்தரே.”

பழனாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. சாயந்திரம் அடுப்படியில் மட்டும் குனிந்தபடி சொன்னாள், “அம்மா, அப்பா தைச்சதப் பிரிக்காதீங்க.” எத்தனை வருசமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

மறுநாள் அட்டாலியிலிருந்து உங்கள் கூடைகளை இறக்கச் சொன்னேன். மஞ்சள் சீலையை அடியில் கொடுத்து, கத்தரிப்பூவை மேலே வைத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நெருக்கி நூலோட்டினேன். கண் முன்போல் இல்லை, ஊசியில் நூல் கோக்கவே பழனாத்தாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. உங்கள் சாக்குத் தையலுக்கு மேல் கல்பாத்திப் பச்சைக்கரையில் ஒரு கிளி வெட்டி ஒட்டினேன். மிச்சத் துண்டுகளில் சின்னச் சின்னக் குருவிகள் தைத்து, பஞ்சு அடைத்து, அந்த அறுந்த சலங்கைகளைக் காலில் கட்டித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டேன். கம்பளித் துண்டு தலைக்கு அடியில். கை வலித்தது, கழுத்து வலித்தது. இருந்தும் தைத்துக்கொண்டிருந்தவரை நான் களைப்பை நினைக்கவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூக்கு அவர்கள் வீட்டு மூக்கு, பிடிவாதம் நம் வீடு. பாலுக்கு அழ ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிறது.

நேற்றுத்தான் தொட்டிலில் போட்டார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வந்து ஆசாரம் நிறைந்திருந்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, நானே நின்றுகொண்டேன். வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை சீலைக்குள் போனதும் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போயிற்று. சம்பந்தியம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே வந்தவர்களிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பாத்தீங்களா, போட்ட ஒடனே தூங்கிருச்சு. எல்லாம் சீலை ராசியுங்க. எந்த மவராசி கட்டுனதோ, புருசங்கூட நல்லா வாழ்ந்துருப்பாளுங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் “ஆமாங்க, ஆமாங்க” என்றார்கள்.

நீங்கள் போனதிலிருந்து என்னைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பாவம் என்றார்கள், விதி என்றார்கள். நான் வாழ்ந்தேன் என்று ஒரு வாய் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே போய், அவள் நான்தானுங்க என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் குழந்தையை எடுத்துவிட்டுச் சீலையை உருவிவிடுவார்களே. அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஆமாங்க, நல்லாத்தான் வாழ்ந்தேன்.

சீக்கிரம் உங்களிடம் வந்துவிட வேண்டும் என்றுதான் இதுநாள்வரை சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இனிக் கேட்க மாட்டேன். அவள் வளர்ந்து, பேச்சு வந்து, “இது ஆரு சீலைங்க?” என்று ஒருநாள் கேட்பாள். அன்றைக்குப் பதில் சொல்ல நான் இருப்பேன். யார் பக்கத்தில் இருந்தாலும் என்னுடையது என்று சொல்வேன். அதுவரைக்கும் நீங்கள் அங்கே தனியாகத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளை கட்டினாலும்
உங்கள் ஊட்டுக்காரி