பாயில் உட்கார்ந்து கேட்பவள்

நாளைக் காலை எட்டு மணிக்கு வகுப்பு. பயிற்சிப் பெட்டியைத் திறந்தேன். குளோரின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. டப்பாக்களுக்கு அடியில் நான்காக மடித்துக் கிடந்தது உன் நீலப் பிளாஸ்டிக் பாய். ஈப்போ சிலிபினில் ஒரு கடையில் வாங்கியது. 'ஆபீஸ் சாமான் இல்லை, என்னோடது' என்று அதன் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாய். படித்துச் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

உன்னிடம் மறைப்பானேன், இந்த வகுப்பை நடத்த என்னால் ஆகாது. தாதிகள், சுகாதார ஆய்வாளர்கள், இரண்டு இளம் டாக்டர்கள் என்று ஒரு மண்டபம் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளம் வந்தால் நிவாரண மையத்தில் தண்ணீரை எப்படிச் சுத்தப்படுத்துவது, கழிவறைகளை எங்கே வைப்பது, நோய் பரவுகிறதா என்று முதல் நாளே எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும். முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மூன்றாவது உன்னுடைய பாடம்.

அது நமக்குக் கிடைத்ததே என் தப்பில்தான். பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய அந்தப் பள்ளி மண்டபத்தின் வாசலில் நான் மேசை போட்டேன். நனைந்த துணியோடு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் படிவத்தில் குறித்தேன். அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நல்லா இருக்கேன்." எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையில் கழிவறை வாசலில் நிற்க இடமில்லை.

"இது பெரட்டுடி," என்றாய் நீ. டவுனில் வளர்ந்த நான் முழித்தேன்.

"தோட்டத்துல விடியக் காலையில கிராணி, அதான் கணக்குப்புள்ள, பேர் கூப்புடுவாரு. எல்லாரும் வரிசையா நிக்கணும். அங்க நின்னுக்கிட்டு ஒடம்பு சரியில்லன்னா அன்னிக்கு வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. எங்கப்பா காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே 'நல்லா இருக்கேங்க'ன்னு சொல்லிட்டு மரம் சீவப் போவாரு. நீ மேசையப் போட்டு, கையில பைலு வெச்சிக்கிட்டு, வரிசையில நிறுத்திக் கேட்டா வேற என்னா சொல்லுவாங்க?"

அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, பாதி இடம் வீடமைப்புப் பகுதியாகி எவ்வளவோ காலமாயிற்று. அந்த ஆட்களில் பாதிப் பேர் இப்போது ஈப்போ தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஆனாலும் வரிசையில் நின்றதும் வாய் தானாக அதைச் சொல்லிவிடுகிறது.

அன்று நீ காரிலிருந்து இந்தப் பாயையும் ஒரு பிளாஸ்க் பால் விடாத தே ஓ-வையும் எடுத்து வந்தாய். மூலையில் சுருண்டு கிடந்த ஒருவர் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாய். "அண்ணே, சாப்ட்டீங்களா? ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்றாய். காய்ச்சலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "எங்க தூங்குறதும்மா. அஞ்சாறு தடவ வெளிய போயிட்டு வந்தேன், சூசா லா, ரொம்ப கஷ்டம்," என்றார். பக்கத்துப் பாய்க்காரரும் வாயைத் திறந்தார். மத்தியானத்துக்குள் எந்தத் தொட்டித் தண்ணீரால் வந்தது என்பதே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு எந்த வகுப்பானாலும் முதல் வேலையாக வாசல் மேசையை மடக்கி வைப்பாய். இஸ்திரி கலையாத கால்சட்டை போட்ட டாக்டர்களையெல்லாம் தரையில் உட்கார வைத்து, "சிலுவார் அழுக்காவும், பரவால்ல டாக்டர், தொவைச்சா போவும்" என்று கிண்டல் செய்வாய். "வரிசையில கேட்டத நம்பாதீங்க. பாயில உக்காந்து ரெண்டாவது தடவ கேளுங்க." இதைச் சொல்லாமல் நீ வகுப்பை முடித்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நிவாரண மையத்தில் நம் குழுவுக்குத் தலைவி நான். மாற்று ஆட்கள் வர வழியில்லை, சாலைகளெல்லாம் முங்கிப் போயிருந்தன. வீட்டை விட்டு வர மறுத்தவர்களைப் பார்க்க, செருப்புக் கடித்த புண்ணோடு நீ இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாய். குழுவின் உடல்நிலையைத் தினமும் பதிய வேண்டும் என்பது விதி. காலை ஏழு மணிக்கு பேட்மிண்டன் கோட்டின் மேல் நம் ஆட்களை நிறுத்தி, பெயரைக் கூப்பிட்டு, "ஓகேயா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். கையில் பைல். நான், உன் கூடவே இத்தனை வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவள்.

"ஓகே லா," என்றாய். 'நலம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் நீ படிக்கட்டில் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "என்னாடி?" என்று நடந்துகொண்டே கேட்டேன். "நேத்து ரொம்ப நடந்துட்டேன் லா," என்றாய். அடுத்த நாள் உன் கண் சிவந்திருந்தது. தூக்கமில்லை என்று நினைத்தேன். கெண்டைக்கால் வலி, சிவந்த கண், வெள்ள நீரில் நனைந்த புண். எலிக்காய்ச்சலுக்கு இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்கள் நாம் இரண்டு பேரும்தான். கண் மஞ்சளான பிறகுதான் எனக்கு உறைத்தது. படகில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தாங்கினாய்.

சாவு வீட்டில் உன் வீட்டுக்காரர் என்னிடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "டெலிபோன்ல காய்ச்சல்னு சொன்னா. வந்துருன்னு சொன்னேன். 'நா வந்துட்டா அவ தனியா மாட்டிக்குவா, இன்னும் ரெண்டு நாள்தான்'னு ஒங்களத்தான் சொன்னா," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்ககிட்டகூட சொல்லலியா?" என்று கேட்டார்.

நான் கேட்கவில்லை. அதுதான் விஷயம். பாய் பெட்டிக்குள் இருந்தது, பிளாஸ்க்கில் தே ஓ இருந்தது, நீ பத்தடி தூரத்தில் இருந்தாய். ஐந்து நிமிடம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாய். மாத்திரை தொடங்க அப்போது நேரமும் இருந்தது. ஊரில் யார் யாருக்கோ இதைச் சொல்லித்தந்தேன். உனக்குச் செய்யவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன்.

இந்த வருடம் மழை சீக்கிரமே தொடங்கிவிட்டது. தூங்கி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. நேற்று கின்தா ஆற்றுப் பாலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு, எங்கே போகக் கிளம்பினேன் என்பதே மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று மத்தியானம் புதிய மேலதிகாரி எங்களை வகுப்பு மண்டபத்தில் நிற்க வைத்தார். நல்ல மனுஷி. கையில் பட்டியலோடு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "எல்லாம் சரியா இருக்கா? நாளைக்குத் தயாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது.

"ஓகே லா," என்றேன்.

அவர் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வாசல் மேசையை மடக்கி வைத்துவிட்டேன். உன் பாயைத் தரையில் விரித்து, ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். மற்ற பாதி உனக்கு. ரெண்டாவது தடவை கேளுடி.