பின்தகட்டில் எட்டு

மார்ச் 4
தம்பியின் பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி முடிந்தது. உள்ளே இரண்டு ஸ்பீக்கர், தலா இருநூறு வாட். நானூறை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். பதினாறு ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர் கடையில் இல்லை, எட்டு ஓம் வாங்கிப் போட்டேன். தூக்கிப் பார்த்த குண்டூசி (தம்பியை அப்படித்தான் கூப்பிடுவேன், உடம்பு அப்படி) "அக்கா, இது பெட்டியா, பீரோவா?" என்றான். சனிக்கிழமை அவன் குழுவுக்குக் கச்சேரி.

மார்ச் 8
கச்சேரி பாதியிலேயே நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபையர் புகைந்து அணைந்ததாம். அது பாடகருடையது, குழுவும் அவருடையது. "கன்னாபின்னான்னு வால்யூம் ஏத்தினா கருகாம என்ன செய்யும்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். குண்டூசி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். பள்ளி நாளிலிருந்து அவனுக்கு அந்தக் குழுதான் உலகம்.

மார்ச் 9
ஏன் கருகியது? அவனுடைய பழைய பெட்டி எட்டு ஓம். புதியதும் எட்டு. இரண்டையும் பேரலலாக, பக்கம் பக்கமாகச் சொருகினால் ஓம் பாதியாகும், நான்கு. நான்குக்குக் கீழே போகாதவரை ஆம்ப் தாங்கும். கணக்கு சரியாகத்தானே —

ஐயோ.

உள்ளே இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர் பேரலலாக இருந்தால் பெட்டியே நான்குதானே! பதினாறு போடுவதாக இருந்தபோது பின்னால் '8' என்று தகடு அடித்தேன். ஸ்பீக்கர் மாறியது, தகடு மாறவில்லை. எட்டும் நான்கும் சேர்ந்தால் மூன்றுகூட வராது. ஓம் குறைந்தால் ஆம்ப் கூடுதல் கரண்ட் தள்ளும். தள்ளித் தள்ளியே செத்திருக்கு. நான்தான் கொன்னிருக்கேன். வால்யூமாம், மண்ணாங்கட்டி!

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 12
சாப்பிடும்போது அம்மா அவனைப் பிடித்துக்கொண்டார். "காதுல பஞ்சு வச்சுக்கிட்டா வாசிச்ச?" அவன் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனான். நான் உப்பு கேட்டேன். அதற்குத்தான் வாய் வந்தது. பாடகர் தன் நண்பரின் அரங்கத்துக்குப் பத்துப் பெட்டி செய்ய என்னிடம் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அது போய்விடும். ச்சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

மார்ச் 15
ஒத்திகை அறையிலிருந்து பெட்டி பட்டறைக்குத் திரும்பியது. யாரும் பார்ப்பதற்குள் தகட்டை மாற்றிவிடலாம் என்று திருப்பினேன். எட்டை அடித்துவிட்டு மார்க்கரில் நான்கு எழுதியிருந்தது. தம்பியின் கையெழுத்து.

"எப்படா கண்டுபிடிச்ச?"

"அன்னிக்கே. புகைஞ்சதும் மீட்டர் வச்சுப் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்துட்டிருந்தேன்க்கா."

மார்ச் 16
பாடகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப அவன் இடத்துக்கு வேற ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேனே" என்றார். பத்துப் பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆம்ப்பை ரிப்பேருக்குத் தூக்கி வந்தேன்.

ஏப்ரல் 2
தம்பியை வேறொரு குழு கூப்பிட்டிருக்கிறது, சின்னக் குழுதான். அவன் பெட்டியில் பதினாறு ஓம் ஸ்பீக்கர்களை வரவழைத்து மாற்றிப் போட்டுப் புதுத் தகடு அடித்தேன். "இப்ப எட்டுதான்டா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்றேன். "சரிக்கா" என்றான். பிறகு மேசையிலிருந்த மீட்டரை எடுத்து, குனிந்து, அவனே ஒருமுறை அளந்து பார்த்தான். முன்பெல்லாம் நான் சொன்னால் போதும்.